ஆங்கில இயைபுச் சொற்கள்: எழுத்தால் தொகுப்பதா, ஒலியால் தொகுப்பதா, பொருளால் தொகுப்பதா?

ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனத்தில் நிறுத்த விரும்புகிறவர்கள், 'ரைமிங் வேர்ட்ஸ்' எனப்படும் இயைபுச் சொற்களின் பட்டியலை நாடுவது வழக்கம். 'லைட், நைட், ஃபைட், டைட்' என்று ஒரு வரிசையும், எதிரே 'வெளிச்சம், இரவு, சண்டை, இறுக்கமான' என்று மற்றொரு வரிசையுமாக எழுதி வைத்துக்கொண்டால் எளிதில் படிந்துவிடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை தவறானதன்று. ஆனால் அந்தப் பட்டியலை எதன் அடிப்படையில் தொகுப்பது என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. கைக்குக் கிடைத்ததை அப்படியே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டில் முடியும் சொற்களைச் சேர்ப்பது ஒரு வழி. எழுத்து எப்படி இருந்தாலும் ஒரே ஒலியில் முடிபவற்றைச் சேர்ப்பது மற்றொரு வழி. ஒலியை விட்டுவிட்டுப் பொருளால் உறவுடையவற்றைச் சேர்ப்பது மூன்றாவது. இயைபு அமைந்த தொடர்களையும் பழமொழிகளையும் முழுதாகக் கற்பது என்ற நான்காவது வழியும் உண்டு. அது பலர் கண்ணில் படுவதில்லை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், தமக்குக் குறைவாக இருப்பது வாசிப்பா, உச்சரிப்பா, சொற்பொருளா என்று கற்பவர் முடிவு செய்துகொள்வது நல்லது. ஒலியைக் கற்பிப்பதில் இயைபுக்கு இருக்கும் வல்லமை பொருளைக் கற்பிப்பதில் அதற்கு இல்லை என்பதே இந்த ஒப்பீட்டில் நான் நிறுவ விரும்புவது.

இந்தத் தேர்வு அகராதி செய்தவர்களின் முன்னும் நின்றது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக அமைந்திருக்கிறது. சொல்லுக்குப் பொருள் தேடுகிறவரும், பொருளுக்குச் சொல் தேடுகிறவரும், செய்யுளுக்கு எதுகை தேடுகிறவரும் ஒரே வரிசையில் தேட முடியாது என்பதை அந்தப் பிரிவுகளே சொல்லிவிடுகின்றன. அதற்கும் முந்தைய சூடாமணி நிகண்டு, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் தன் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கியது. ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் 1755இல் அகரவரிசையில் அகராதி தந்தார். ஜான் வாக்கர் 1775இல் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கினார். ரோஜே 1852இல் பொருள்வகையால் தொகுத்தார். வாக்கரின் நூல் இயைபு தேடுவோருக்காகச் செய்யப்பட்டது என்றாலும் அதன் அடுக்குமுறை எழுத்தைச் சார்ந்தது. அதனால் எழுத்தால் வேறுபட்டு ஒலியால் நெருங்கும் இயைபுகளுக்கென்று தனி அட்டவணைகளையும் அவர் பின்னிணைப்பாகச் சேர்க்க நேர்ந்தது. எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கு அந்தப் பின்னிணைப்பே போதிய சான்று.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், ஆங்கிலம் எதை இயைபாக ஏற்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். தமிழில் எதுகை இரண்டாம் எழுத்தில் அமைகிறது. இயைபு அடியின் இறுதியில் எழுத்தோ சொல்லோ ஒன்றி வருவது. ஆங்கில ரைம் இயைபுக்கு நெருக்கமானதுதான். ஆனால் தமிழ் யாப்பு கேட்காத ஒரு நிபந்தனையை அது கேட்கிறது. சொல்லில் அழுத்தம் பெறும் கடைசி உயிரொலி தொடங்கிச் சொல் முடியும் வரை எல்லா ஒலியும் ஒத்திருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன் நிற்கும் மெய் மட்டும் வேறுபட வேண்டும் என்பதே அது. ஆகவே அழகைக் குறிக்கும் 'பியூட்டி'யும் கடமையைக் குறிக்கும் 'டியூட்டி'யும் இயையும். 'ரன்னிங்', 'சிங்கிங்' இரண்டும் ஒரே விகுதியில் முடிந்தாலும் இயையா, ஏனெனில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அந்த அசைகள் ஒத்தவை அல்ல. 'ரன்னிங்' என்பதற்கு இயைபு, தந்திரமான என்று பொருள்படும் 'கன்னிங்'. இரவைக் குறிக்கும் 'நைட்'டும், கே எழுத்தில் தொடங்கி மாவீரனைக் குறிக்கும் 'நைட்'டும் முற்றிலும் ஒரே ஒலியுடையவை; முன்மெய் வேறுபடாததால் அவற்றை முழு இயைபாகக் கொள்வதில்லை. கடைகளில் விற்கும் பட்டியல்களும் இணையத்தில் கிடைப்பவையும் இந்த மூன்று வகைகளையும் பெரும்பாலும் கலந்தே தருகின்றன.

எழுத்துக்கூட்டு வழியில், 'ஏ-டி' என்று முடியும் 'கேட், பேட், ரேட், ஹேட்' ஒரு குடும்பம். பூனை, மட்டை, எலி, தொப்பி. 'ஐ-ஜி-எச்-டி' மற்றொரு குடும்பம். இதன் வலிமை அதன் சிக்கனம். வைலி, டுரெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் காட்டியபடி, வெறும் 37 ஈறுகளைக் கொண்டு தொடக்கநிலைச் சொற்களில் ஏறத்தாழ 500ஐ அமைத்துவிடலாம். ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்த குழந்தை, அதன் ஈற்றைக் கொண்டு அறியாத சொல்லையும் படிக்க முயல்கிறது என்பதை உஷா கோஸ்வாமி 1986இல் ஆராய்ந்து வெளியிட்டார். அலகைக் குறிக்கும் 'பீக்' என்ற சொல் தெரிந்தால், சிகரத்தைக் குறிக்கும் 'பீக்' பாதி தெரிந்த மாதிரிதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சிறந்த ஏணி கிடையாது.

ஏணி எந்த உயரத்தில் முடிகிறது என்பதில்தான் சிக்கல். 'ஓ-யு-ஜி-எச்' என்று முடியும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். என்றாலும் என்ற பொருளுடைய 'தோ', ஊடாக என்ற பொருளுடைய 'த்ரூ', கடினமான என்ற பொருளுடைய 'டஃப்', இருமலைக் குறிக்கும் 'காஃப்', மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ' ஆகிய ஐந்தும் அதே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. ஐந்தில் எந்த இரண்டும் இயைவதில்லை. 'ஓ-எம்-பி' என்று முடியும் மூன்று சொற்கள் இன்னும் வேடிக்கையானவை: சீப்பு 'கோம்', கல்லறை 'டூம்', வெடிகுண்டு 'பாம்'. சீப்பு 'ஹோம்' என்பதோடும், கல்லறை 'ரூம்' என்பதோடும் இயைகின்றன. மூன்றில் ஒன்று மற்றொன்றோடு சேராது. 'ஓ-வி-இ' ஈற்றில் அன்பும் கையுறையும் 'லவ், கிளவ்' என்று ஒரு பக்கம் நிற்க, அசைதலும் மெய்ப்பித்தலும் 'மூவ், புரூவ்' என்று மறுபக்கம் போய்விடுகின்றன. அடுப்பும் தோப்பும் 'ஸ்டோவ், குரோவ்' என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு மட்டும் இயைந்து காதுக்கு இயையாத இத்தகையவற்றை ஆங்கில யாப்பியலார் கண்ணியைபு என்றே வகைப்படுத்துவர்.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய காலத்தை ஒட்டி எழுத்துக்கூட்டு மெல்ல நிலைபெறத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில், சுமார் 1400 முதல் 1700 வரை, ஆங்கில நெட்டுயிர்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. எழுத்து நின்றுவிட்டது, நாக்கு நகர்ந்துவிட்டது. 'ஐ-ஜி-எச்-டி' என்பதில் இன்று ஒலிக்காமல் கிடக்கும் ஜி, எச் ஆகியவை ஒருகாலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தவை. ஆகவே எழுத்துக்கூட்டுப் பட்டியலைப் படிப்பவர் பழைய உச்சரிப்பின் தடயங்களைத்தான் படிக்கிறார். வாசிப்பின் முதற்படியில் அது உதவும். அந்தப் படியைத் தாண்டிய பிறகும் அதிலேயே இருந்தால், பேசும்போது ஒவ்வொரு விதிவிலக்கும் காலை வாரிவிடும்.

இனி ஒலிவழிப் பட்டியல். இதில் நீலத்தைக் குறிக்கும் 'ப்ளூ', காலணியாகிய 'ஷூ', இரண்டாகிய 'டூ', உண்மையான என்ற 'ட்ரூ', ஊடாக என்ற 'த்ரூ', வளர்ந்தது என்ற 'க்ரூ', காட்சியாகிய 'வியூ', யார் என்ற 'ஹூ' ஆகிய எட்டும் ஒரே வரிசையில் வருகின்றன. எழுத்துக்கூட்டோ ஏறக்குறைய ஆளுக்கொரு விதம். முதற்பார்வையில் இது குழப்பமாகத் தோன்றும். நாளடைவில் இதுவே தெளிவைத் தருகிறது. ஊகாரம் எத்தனை எழுத்து வடிவங்களில் வந்து நிற்கும் என்பதை ஒரே பக்கத்தில் கண்டுவிடுவதால், புதிய சொல்லைக் கேட்கும்போது அது எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஊகம் பழகிவிடுகிறது. பிராட்லி, பிரையன்ட் ஆகிய இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, சொற்களை ஒலியால் வகைப்படுத்தப் பயிற்சி பெற்ற சிறுவர்கள் பின்னர் வாசிப்பில் முன்னே நின்றதைக் காட்டியது; ஒலியோடு எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கப்பட்டவர்கள் இன்னும் முன்னேறியிருந்தார்கள். எனவே ஒலிவழி என்பது எழுத்தைப் புறக்கணிப்பதன்று, ஒலியை முன்னிறுத்தி எழுத்தை அதன் கீழ் வைப்பது.

ஆனால் தமிழ் பேசுவோருக்கு இந்த வழியில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. தமிழ் எழுத்தில் வல்லொலிக்கும் அதன் மெல்லிய இணைக்கும் தனித்தனி வடிவங்கள் இல்லை. அலகும் சிகரமும் மேலே ஒரே வடிவில் 'பீக்' என்று வந்ததை வாசகர் கவனித்திருப்பார். ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்துகள் வேறு, முதலொலிகளும் வேறு. சொல்லின் தொடக்கத்தில் நேரும் இந்த மயக்கத்தால் இயைபு கெடுவதில்லை. ஈற்றில் நேர்ந்தால் கெடும். முதுகைக் குறிக்கும் 'பேக்' கே எழுத்தில் முடிகிறது, பையைக் குறிக்கும் 'பேக்' ஜி எழுத்தில் முடிகிறது. இரண்டையும் 'பேக்கு' என்று குற்றியலுகரம் சேர்த்து முடிக்கும் நாக்குக்கு இவை நல்ல இயைபாகத் தோன்றும். ஆங்கிலச் செவிக்கு இவை இயைபே அல்ல. கோப்பையைக் குறிக்கும் 'கப்', விலங்குக் குட்டியைக் குறிக்கும் 'கப்', இருக்கையாகிய 'சீட்', விதையாகிய 'சீட்', பனிக்கட்டியாகிய 'ஐஸ்', கண்கள் என்ற 'ஐஸ்' ஆகியவையும் இப்படித்தான். இவற்றைப் பிரித்தறிய ஒரு நல்ல குறிப்பு, கடைசி மெய்யைவிட அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தில் கிடைக்கிறது. விதையைச் சொல்லும்போது ஈகாரம் நீண்டு ஒலிக்கும்; இருக்கையைச் சொல்லும்போது அது வெட்டுண்டாற்போல் குறுகிவிடும். பையில் உயிர் நீளும், முதுகில் குறுகும். இந்த நீள வேறுபாட்டைக் காதால் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒலிவழிப் பட்டியல் மிகவும் பயன்படும். பிடிக்கத் தெரியாதவர் ஒலிப்பதிவு உள்ள அகராதியைத் துணைகொள்ளாமல் தாமே பட்டியல் தொகுத்தால், தவறான இயைபுகளைத் தமக்குத் தாமே கற்பித்துக்கொள்வார். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் இந்தக் காரணத்தால்தான் ஆபத்தானது. இந்தக் கட்டுரையில் சொற்களைத் தமிழெழுத்தில் தந்திருப்பது படிப்பதற்காகவே, குறிப்பேட்டில் பெயர்த்தெழுதுவதற்காக அன்று.

எந்த நாட்டு உச்சரிப்பைப் பின்பற்றுவது என்பதையும் ஒலிவழியில் செல்பவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எழுத்தரைக் குறிக்கும் சொல் பிரிட்டனில் 'டார்க்' என்பதோடு இயைபு கொள்ள, அமெரிக்காவில் 'வொர்க்' என்பதோடு இயைகிறது. அகரவரிசையின் கடைசி எழுத்து பிரிட்டனில் 'ரெட்' என்பதோடும் அமெரிக்காவில் 'த்ரீ' என்பதோடும் சேரும். இணையத்தில் இயங்கும் இயைபு தேடு கருவிகள் பலவற்றுக்கும் பயன்படத்தக்க தரவாக அமைந்திருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி 1,34,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஆனால் அது வட அமெரிக்க உச்சரிப்பைப் பதிவு செய்வது. பிரித்தானிய உச்சரிப்பைப் பயில்கிறவர் அத்தகைய பட்டியலை அப்படியே ஏற்றால் சில இடங்களில் முரண்பாடு வரும். எதைத் தேர்ந்தாலும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்காமல் இருப்பதே முக்கியம்.

ஒலிவழியை நான் மற்றவற்றுக்கு மேலாக வைப்பதற்கு முதன்மையான காரணம் வேறொன்று. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு, எந்தச் சொல்லோடு இயைகிறது என்பதைப் பொறுத்துத் தன் பொருளையே மாற்றிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. 'டி-இ-ஏ-ஆர்' என்ற நான்கு எழுத்துகள், அச்சத்தைக் குறிக்கும் 'ஃபியர்' என்பதோடு இயைந்தால் கண்ணீர். கரடியைக் குறிக்கும் 'பேர்' என்பதோடு இயைந்தால் கிழித்தல். 'எல்-இ-ஏ-டி' என்பது 'பெட்' என்ற படுக்கையோடு இயைந்தால் ஈயம் என்ற உலோகம். 'நீட்' என்ற தேவையோடு இயைந்தால் வழிநடத்துதல். 'பி-ஓ-டபிள்யூ' என்பது 'கௌ' என்ற பசுவோடு சேரும்போது தலைவணங்குதல், 'கோ' என்ற போதலோடு சேரும்போது அம்பு எய்யும் வில். 'டபிள்யூ-ஐ-என்-டி' என்பது 'ஃபைண்ட்' என்பதோடு சேர்ந்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போன்ற முறுக்குதல், சேராவிட்டால் காற்று. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'ப்ரெசன்ட்'. முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் அது 'பிளெசன்ட்' என்பதோடு இயைந்து பரிசு என்றோ நிகழ்காலம் என்றோ பொருள்படும். இரண்டாம் அசைக்கு அழுத்தம் போனால் 'சென்ட்', 'வென்ட்', 'ஈவென்ட்' ஆகியவற்றோடு இயைந்து வழங்குதல் என்ற வினையாகிவிடும். எழுத்துக்கூட்டுப் பட்டியல் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் புதைத்துவிடும். பொருள்வழிப் பட்டியல் இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் வைக்கும், ஆனால் ஒலிவேறுபாட்டைச் சொல்லாது. ஒலிவழிப் பட்டியல் ஒன்றுதான் பொருளையும் ஒலியையும் ஒரே முடிச்சில் கட்டித் தருகிறது.

இத்தகைய சொற்கள் மொத்தத்தில் சிறுபான்மைதான். பொதுவாக இயைபு பொருளைச் சுட்டுமா என்றால், சுட்டாது என்பதே விடை. 'பூனை, மட்டை, எலி, தொப்பி' ஆகியவற்றுக்கிடையே ஒலியுறவு தவிர வேறு உறவு இல்லை. சில ஈறுகளில் மட்டும் ஒரு பொருள்நிழல் படிந்திருக்கிறது. 'யு-எம்-பி' என்று முடிபவற்றில் உடம்பில் எழும் புடைப்பு, கட்டியாகத் திரண்ட பொருள், ஒட்டகத்தின் திமில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, செடிகளின் அடர்ந்த கொத்து என்று பலவும் திரண்டு மேலெழும் வடிவங்களாகவே இருப்பதைக் காணலாம். 'டம்பிள், ஸ்டம்பிள், ஃபம்பிள், மம்பிள்' ஆகியவற்றிலும் அப்படியே: உருண்டு விழுவது, கால் தடுக்குவது, கை தடுமாறுவது, வாய்க்குள்ளேயே சொல்லை மெல்லுவது. நான்கும் ஏதோ ஒரு தடுமாற்றம். இதை விதியாக்க முயன்றால் பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' குறுக்கே நிற்கும். முன்னதில் குதித்தலைக் குறிக்கும் 'ஜம்ப்' குறுக்கே நிற்கும். ஆகவே இவற்றை ஞாபகத்துக்கு உதவும் குறிப்பாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அறியாத சொல்லின் பொருளை ஈற்றைக் கொண்டு ஊகிக்கக் கூடாது. கிழக்கு லண்டனின் காக்னி மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்த குழூஉக்குறி, இயைபு பொருளை மறைக்கவும் வல்லது என்பதற்குச் சான்று. படிக்கட்டைக் குறிக்கும் 'ஸ்டேர்ஸ்' என்பதற்கு இயைபாக 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பார்கள்; பிறகு இயையும் சொல்லையே விட்டுவிட்டு வெறும் 'ஆப்பிள்ஸ்' என்று நிறுத்திவிடுவார்கள். கேட்கிற வெளியாருக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக் கூடாது என்பதுதான் நோக்கமும்.

பொருள்வழித் தொகுப்பு இந்தக் குறையைத் தீர்க்கும் என்று தோன்றலாம். நிறங்களை ஒரு பக்கத்திலும் உறுப்புகளை ஒரு பக்கத்திலும் அடுக்குவது பாடநூல்களின் பழைய வழக்கம். தெரிந்த சொற்களை ஒழுங்குபடுத்த அது மிக நல்லது. தெரியாத சொற்களை முதன்முதலாகக் கற்க அது அவ்வளவு நல்லதன்று. பொருளால் நெருங்கிய புதுச்சொற்களை ஒரே நேரத்தில் கற்பவர்கள், தொடர்பற்ற சொற்களைக் கற்பவர்களைவிட அதிக முயற்சி எடுக்க வேண்டியிருந்ததை டிங்க்ஹாம் 1993இல் பதிவு செய்திருக்கிறார். ஆலன் பேட்லி 1966இல் செய்த சோதனைகள் இதற்கு இன்னொரு கோணம் தருகின்றன: கேட்டவுடன் வரிசையாகத் திருப்பிச் சொல்லும்போது ஒலி ஒத்த சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழப்பின, சிறிது நேரம் கழித்து நினைவுகூரும்போது பொருள் ஒத்த சொற்கள் குழப்பின. இதை வைத்துப் பார்த்தால், ஒலியொப்புமையால் வரும் குழப்பம் உடனடியானது, பயிற்சியின்போதே கண்ணில் படுவது, அங்கேயே திருத்தத்தக்கது. பொருளொப்புமையால் வரும் குழப்பம் பின்னால் வந்து சேர்வது, அதனால் கவனிக்கப்படாமலே தங்கிவிடுவது என்று நான் கருதுகிறேன். பொருள்வழிப் பட்டியலை மீள்பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்குமேல் இதில் சொல்ல அதிகமில்லை.

நான்காவது வழிக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் குறை. ஆங்கிலத்தில் இயைபுச் சொற்கள் இணைந்து ஒரே தொடராகப் பொருள் தரும் வழக்குகள் ஏராளம். ஆக்கினால் ஆகும், இல்லையேல் அழியும் என்ற நெருக்கடி நிலைக்கு 'மேக் ஆர் பிரேக்'. சாமர்த்தியமாகப் பேரம் பேசிக் காரியம் சாதிப்பதற்கு 'வீல் அண்ட் டீல்'. புழங்கிப் புழங்கிப் பொருள் தேய்வதற்கு 'வேர் அண்ட் டேர்'. கடைசித் தொடரைக் கவனியுங்கள்: அணிதலைக் குறிக்கும் சொல்லோடு இயைய வேண்டியிருப்பதால், கண்ணீரா கிழிசலா என்ற ஐயம் அங்கே எழவே இடமில்லை. முதல் தொடரும் அப்படியே. 'பிரேக்' என்பதிலுள்ள 'இ-ஏ' பிற சொற்களில் வருவதைப் போல ஈகாரமாக ஒலிக்காது என்பதை 'மேக்' காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடரே உச்சரிப்புக்கும் பொருளுக்கும் ஒருசேரக் காவல் நிற்கிறது. வருந்தாமல் வளர்ச்சியில்லை என்ற 'நோ பெயின், நோ கெயின்', பதறிய காரியம் சிதறும் என்பதற்கு ஈடான 'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்' ஆகிய பழமொழிகளும் இந்த வகையே. இயைபு ஏன் நினைவில் நிற்கிறது என்று ஆராய்ந்த பவர், போல்டன் ஆகியோர் 1969இல் கண்டது, இயைபு விடையை நேரே கொண்டுவருவதில்லை, விடை இருக்கக்கூடிய வட்டத்தைச் சுருக்குகிறது என்பதுதான். 'பெயின்' என்று தொடங்கியவுடன் அடுத்துவரக்கூடிய சொற்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மிச்ச வேலையைப் பொருள் முடித்துவிடுகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: மக்லோன் என்பவரும் அவருடைய இணையாய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயைபோடு சொல்லப்பட்ட முதுமொழியை, அதே கருத்தை இயைபின்றிச் சொன்னதைவிட உண்மையானது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். சொல்லைக் கற்கப் பழமொழியைப் பயன்படுத்தலாம். அதன் ஓசைக்காக அதன் கருத்தையும் நம்பிவிட வேண்டியதில்லை. இந்த வழியின் உண்மையான குறை அதன் அளவுதான். தொடர்கள் ஏராளம் என்றாலும், அன்றாடச் சொற்களில் பெரும்பகுதி எந்தத் தொடரிலும் இடம்பெறாதவை.

எனவே யாருக்கு எது என்ற கேள்விக்கு வருவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கோ, முதன்முறையாக ஆங்கில எழுத்தைத் தொடும் பெரியவருக்கோ எழுத்துக்கூட்டுப் பட்டியலே ஏற்றது. ஆனால் விதிக்கு அடங்கும் ஈறுகளை மட்டும் தர வேண்டும், 'ஓ-யு-ஜி-எச்' போன்றவற்றை அந்தப் பருவத்தில் காட்டவே கூடாது. படிக்கத் தெரிந்தும் பேசத் தயங்குகிறவர், பேசினாலும் கேட்பவர் புரிந்துகொள்ளத் திணறுகிறவர், ஒலிவழியைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு எழுத்துக்கூட்டுப் பட்டியலால் தீங்கே மிகும். தேர்வுக்காகக் குறுகிய காலத்தில் நிறையச் சொற்பொருள் சேர்க்க வேண்டியவருக்கு இயைபுப் பட்டியல் எந்த வடிவிலும் முதன்மைக் கருவியாகாது. நாற்பது சொற்களை ஒரே ஈற்றில் அடுக்கிப் படித்தால், தேர்வறையில் ஓசை நினைவுக்கு வரும், பொருள் வராது. அவர் சொற்களை வாக்கியங்களில் வைத்துப் படித்து, ஒலியால் மயங்கும் இணைகளுக்கு மட்டும் இயைபை நாடுவது நல்லது.

ஆங்கிலத்தில் பாட்டெழுத முயல்கிறவரின் தேவை முற்றிலும் வேறு. அவருக்கு இயைபகராதி வேண்டும், ஆனால் பொருளகராதியையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இயைபகராதி தருகிற சொற்களில் பாதி அவர் வாழ்நாளில் கேட்டிராதவையாக இருக்கும். வெள்ளியைக் குறிக்கும் 'சில்வர்' என்பதற்கு முழு இயைபு தேடினால், பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'சில்வர்' என்ற அரிய சொல் ஒன்றுதான் கிடைக்கும். முதலெழுத்து வேறு, முதலொலியும் சகர உரசலாக இல்லாமல் வல்லினச் சகரமாக இருக்கும். 'ஆரஞ்ச்' என்பதற்கு வேல்ஸ் நாட்டு மலை ஒன்றின் பெயரான 'ப்ளாரஞ்ச்' தவிர வேறு துணை அரிது. மாதத்தைக் குறிக்கும் 'மந்த்' என்பதற்குப் பொதுவழக்கில் இயைபே இல்லை. இத்தகைய சொல்லை அடியின் இறுதியில் வைக்காமல் நடுவே நகர்த்திவிடுவதுதான் தேர்ந்தவர்கள் செய்வது.

ஒலிவழியைத் தேர்ந்தவர் குறிப்பேட்டை அமைக்கும் முறை குறித்துச் சில சொற்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஒலி, அதில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். 'ஏர்' ஒலிக்குரிய பக்கத்தில் நாற்காலி, முடி, கரடி, எங்கே, கிழித்தல் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுதி, மாறுபடும் எழுத்துப் பகுதியை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும். தமிழ்ப் பொருளைப் பக்கத்தின் பின்புறம் எழுதினால் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வசதியாக இருக்கும். காதுக்கு இயைவதுபோல் தோன்றி அகராதி மறுத்த சொற்களை அதே பக்கத்தின் அடியில் தனியே குறித்துவைக்கலாம். எந்த ஒலிகளைத் தன் செவி பிரித்தறியவில்லை என்பதை அந்த அடிக்குறிப்பே சில வாரங்களில் காட்டிவிடும். அடுத்துப் பயில வேண்டிய பக்கத்தையும் அதைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.